மஞ்சள் கடுதாசிக்குள் ஒரு நியாயக் கணக்கு

புளியங்குடியில் ஒரு எலுமிச்சைக் கமிஷன் கடை ஒருநாள் காலையில் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மலையடிவாரத் தோட்டங்களிலிருந்து காய் கொண்டுவந்து போட்ட விவசாயிகளுக்குப் பட்டுவாடா பாக்கி. கேரளத்துக்கு ஏற்றிவிட்ட சரக்குக்குப் பணம் வந்து சேரவில்லை. புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய கடன் வட்டியோடு ஏறி நிற்கிறது. லாரி வாடகை, மூட்டை தூக்கியவர்களின் கூலி எல்லாமே நிலுவை. வெயில் ஏறுவதற்குள் ஊர் முழுக்கப் பேச்சு பரவிவிடும்: “ஆள் ஐ.பி. கொடுத்துட்டாராம்.” ஐ.பி. என்பது நீதிமன்றத்தில் போடும் திவால் மனு. மஞ்சள் கடுதாசி என்று நம் மக்கள் சொல்வதும் இதைத்தான்.

இதைக் கேட்டவுடன் நமக்குத் தோன்றுபவை இரண்டு. ஒன்று, ஊரை ஏமாற்றிவிட்டான். இரண்டு, நம் பணம் போச்சு. மோசடி நடக்காமல் இல்லை. ஆனால், அந்த மனுவை நீதிமன்றம் எப்படி நடத்துகிறது என்று விதி விதியாகப் பார்த்தால், மனிதர்கள் கண்டுபிடித்தவற்றில் மிக நுட்பமான ஓர் ஏற்பாடு அதற்குள் இருப்பது தெரியும். எல்லோருக்கும் கொடுக்கப் பணம் போதாது என்று உறுதியான பிறகு, அடிதடி இல்லாமல் எப்படிப் பிரிப்பது? பிரித்த பிறகு அந்த மனிதரை என்ன செய்வது? இந்த இரண்டு கேள்விகளுக்குத்தான் திவால் சட்டம் பதில் சொல்கிறது.

முந்தியவருக்கே எல்லாம் என்றால்

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு. அந்தக் கடைக்குக் கடன் கொடுத்தவர்கள் மூன்று பேர். ஒரு விவசாயிக்கு 1 லட்சம், இன்னொரு வியாபாரிக்கு 2 லட்சம், வட்டிக்குக் கொடுத்தவருக்கு 3 லட்சம். மொத்தக் கடன் 6 லட்சம். கடையில் உள்ளதையெல்லாம் விற்று, வரவேண்டிய பாக்கியையும் வசூலித்தால் 2 லட்சம் தேறும்.

சாதாரண சிவில் சட்டத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்குப் போடலாம். முதலில் டிகிரி வாங்கி, முதலில் ஜப்திக்குப் போகிறவருக்குப் பணம் கிடைக்கும். ஆள்பலமும் வக்கீல் வசதியும் உள்ளவர் அந்த 2 லட்சத்தையும் எடுத்துக்கொள்வார். விவசாயி விஷயம் கேள்விப்பட்டு வருவதற்குள் கடையில் தராசுகூட இருக்காது. பந்தியில் உட்காராமல் எல்லோரும் அண்டாவை நோக்கி ஓடினால், சோறு பாதி தரையில்தான் கொட்டும். கடனாளியின் சொத்துக்கும் இதே கதிதான். அவசர ஜப்தியில் சரக்கு பாதி விலைக்குப் போகும். பொறுத்து வசூலித்தால் வந்திருக்கக்கூடிய பாக்கி வராமலே போகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓடுகிற யாரையும் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் ஓடும்போது சும்மா நிற்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே தனித்தனியாகப் பார்த்தால் ஓடுவதே புத்திசாலித்தனம்; ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அதுவே அனைவருக்கும் நஷ்டம். ஒருவர் மட்டும் நல்லவராக இருந்து இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. எல்லோரையும் ஒரே நேரத்தில் நிறுத்தும் அதிகாரம் வேண்டும். திவால் நீதிமன்றம் பிறந்தது அதற்காகத்தான்.

1920-ஆம் ஆண்டுச் சட்டம்

புளியங்குடிக் கடைக்காரருக்கு இன்றைக்கும் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம். சென்னை மாநகரில் ஒருவர் திவாலானால் சட்டம் வேறு. அங்கே 1909-ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர் திவால் சட்டப்படி உயர் நீதிமன்றமே விசாரிக்கும். அந்தச் சட்டம் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1906 அக்டோபர் 22 அன்று, சென்னையின் அர்பத்நாட் கம்பெனி முறிந்து விழுந்தது. அதை நம்பிப் பணம் போட்டிருந்த தென்னிந்தியக் குடும்பங்கள் ஏராளம். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. கடன் கொடுத்தவர்களுக்காக வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உருவாக்கியதுதான் 1907-இல் தொடங்கிய இந்தியன் வங்கி. ஒரு திவால் வழக்கு ஒரு வங்கிக்கே வித்திட்ட வரலாறு நம்முடையது.

1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கோ, அரசு அதிகாரம் அளித்த கீழ்நீதிமன்றத்துக்கோ போகும். தமிழ்நாட்டு மாவட்டங்களில் சார்பு நீதிமன்றங்கள் இதைக் கவனிக்கின்றன. கடனாளி வசிக்கும் இடத்துக்கோ தொழில் செய்யும் இடத்துக்கோ உரிய நீதிமன்றத்தில்தான் மனுப் போடவேண்டும். அறிவிப்பு எப்படிக் கொடுப்பது, திவாலானவரின் சொத்தைப் பொறுப்பேற்கும் ரிசீவருக்கு எவ்வளவு ஊதியம், பங்கு எப்படிப் பிரிப்பது போன்ற நடைமுறை விதிகளை வகுக்க, சட்டத்தின் 79-ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

கடனாளி மட்டும்தான் மனுப் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கடன் கொடுத்தவரும் போடலாம். பாக்கி 500 ரூபாயாவது இருக்கவேண்டும். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் கடனாளி ஒரு ‘திவால் செயல்’ செய்திருக்கவேண்டும். அவை எவை என்று 6-ஆம் பிரிவு பட்டியல் போடுகிறது. கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் போகாமலிருக்கச் சொத்தை மாற்றி எழுதுவது, வீட்டையோ கடையையோ விட்டு மறைவது, யாரும் பார்க்க முடியாதபடி ஒதுங்கிக்கொள்வது, இனிப் பணம் தர முடியாது என்று அறிவிப்பது எல்லாம் அதில் வரும். கடையைப் பூட்டிவிட்டுக் காணாமல் போவதே, நோக்கம் நிரூபணமானால், அவர்மீது மனுப் போடப் போதுமான காரணம்.

கடனாளியே மனுப் போட்டால் அவர் எதையும் மறைக்கக் கூடாது. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, அவர்கள் எங்கே இருக்கிறார்கள், தனக்கு என்ன சொத்து இருக்கிறது, அதன் மதிப்பு என்ன, முன்பு எப்போதாவது ஐ.பி. கொடுத்தாரா என்பதெல்லாம் மனுவிலேயே இருக்கவேண்டும். கணக்குப் புத்தகங்களை ஒப்படைக்கவேண்டும். விசாரணையன்று நீதிமன்றம் அவரைக் கேள்வி கேட்கும். கடன் கொடுத்தவர்களும் கேட்கலாம். போட்ட மனுவை நீதிமன்ற அனுமதியில்லாமல் திரும்பப் பெறவும் முடியாது. திரும்பப் பெற விட்டால், சத்தம் போடுகிற ஒருவரிடம் மட்டும் ரகசியமாகத் தீர்த்துக்கொண்டு மற்றவர்களை நடுத்தெருவில் விடுவது எளிதாகிவிடும். மனு வந்தபிறகு அது எல்லோருடைய வழக்கு.

காலத்தைப் பின்னோக்கி நகர்த்தும் விதி

மனு ஏற்கப்பட்ட பிறகு, ஏற்கெனவே ஜப்திக்குப் போனவருக்கு ஓட்டத்தின் பலன் கிடைக்காது. மனு ஏற்கப்படுவதற்கு முன்பு விற்று வசூலானது மட்டுமே அவருக்கு. மற்றது பொதுவுக்கு வந்துவிடும். திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் அவருடைய சொத்து முழுவதும் நீதிமன்றத்திடமோ, ரிசீவரிடமோ போய்விடும். அதன்பிறகு அனுமதியில்லாமல் யாரும் அந்தக் கடனுக்காகத் தனி வழக்குத் தொடுக்க முடியாது.

இதிலுள்ள அழகான நுட்பம் 28-ஆம் பிரிவின் கடைசியில் இருக்கிறது. நீதிமன்றம் அறிவிப்பது இன்றைக்கு என்றாலும், அந்த அறிவிப்பு மனுப் போட்ட தேதியிலிருந்தே நடப்பில் இருந்ததாகக் கொள்ளப்படும். வழக்கு எத்தனை வாய்தா இழுத்தாலும், இடைப்பட்ட காலத்தில் சொத்தைக் கைமாற்றி லாபம் பார்க்கும் வழி அடைபடுகிறது.

சட்டம் அதற்கும் முன்னே போகும். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் மைத்துனன் பேரில் எழுதி வைத்த தோட்டத்தை, உரிய விலை வாங்காமல் கொடுத்தது என்றால், ரிசீவர் கேட்டு நீதிமன்றம் ரத்து செய்யலாம். நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியவருக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு. கடைசி மூன்று மாதத்தில் தனக்கு வேண்டிய ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கடனை அடைத்திருந்தால் அதுவும் செல்லாது. “சொந்தக்காரன் பேர்ல எழுதிட்டு ஐ.பி. கொடுத்துட்டான், இனி என்ன பண்ணமுடியும்?” என்று கைவிட்டுவிடுகிறவர்கள் அறியவேண்டியது இதைத்தான். பண்ணமுடியும். அதைச் சொல்லி நீதிமன்றத்தில் நிற்கவேண்டும், அவ்வளவே.

வீட்டில் எதை விடுவார்கள்?

ரிசீவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு எவற்றை ஜப்தி செய்யக்கூடாது என்று சொல்கிறதோ, அவற்றைத் திவால் சட்டமும் தொடாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை ஆகியவை கடனாளிக்கும் அவர் மனைவி மக்களுக்கும் உரியவை. சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத தாலி போன்ற நகையைத் தொட முடியாது. கைத்தொழில் செய்பவரின் கருவிகள், விவசாயியின் உழவுக் கருவிகள், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதை நெல், அவர் குடியிருக்கும் வீடு எல்லாம் விலக்கு. கடன்பட்டவரும் நாளைக்குச் சமைத்துச் சாப்பிட வேண்டும், உழைத்துப் பிழைக்க வேண்டும் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

இந்தப் பட்டியலில் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் திவால் சட்டம் எதிர்த்திசையில் போகிறது. சாதாரண ஜப்தியில் கணக்குப் புத்தகத்தை எடுக்கக் கூடாது. திவாலில் அதை எடுக்கலாம். பாத்திரம் வீட்டில் இருக்கட்டும், கணக்கு நோட்டு நீதிமன்றத்துக்கு வரட்டும் என்பது விதி. பிரிப்பதற்கு எவ்வளவு இருக்கிறது, எங்கே போயிற்று என்று சொல்லக்கூடியது அந்த நோட்டு ஒன்றுதான்.

யாருக்கு எவ்வளவு?

இனி நம் கற்பனைக் கணக்குக்கு வருவோம். 2 லட்சத்தை மூன்று பேருக்கும் எப்படிப் பிரிப்பது?

ஆளுக்குச் சமமாகக் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் சுமார் 66,667 ரூபாய் கிடைக்கும். நம் சட்டம் அப்படிச் செய்வதில்லை. 61-ஆம் பிரிவு, கடன் தொகையின் விகிதாசாரப்படி பிரிக்கச் சொல்கிறது. மொத்தக் கடனில் மூன்றில் ஒரு பங்குதான் கையில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொருவருக்கும் அவரவர் பாக்கியில் மூன்றில் ஒரு பங்கு. விவசாயிக்கு 33,333, வியாபாரிக்கு 66,667, வட்டிக்காரருக்கு 1 லட்சம். ரூபாய்க்கு எத்தனை பைசா என்பது எல்லோருக்கும் ஒன்றே. செல்வாக்குக்கோ, முதலில் கதவைத் தட்டியதற்கோ கூடுதல் பங்கு இல்லை.

விகிதாசாரம் ஒன்றுதான் நியாயமா? யூதர்களின் தல்முத் நூலில், ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முந்தைய மிஷ்னா பகுதியில், இதே போன்ற கணக்கு இருக்கிறது. 100, 200, 300 என்று மூன்று பேருக்குப் பாக்கி. இருப்பது 100 என்றால் மூவருக்கும் சமம். 300 என்றால் 50, 100, 150 என்று விகிதாசாரம். 200 என்றால் 50, 75, 75. ஒன்றோடொன்று ஒட்டாத இந்த மூன்று விடைகளும் நெடுங்காலம் அறிஞர்களைக் குழப்பின. 1985-இல் ராபர்ட் ஆமான், மைக்கேல் மாஷ்லர் என்ற இரு கணிதவியலாளர்கள் இதற்குப் பின்னால் ஒரே விதிதான் இருக்கிறது என்று காட்டினார்கள். ஆமான் 2005-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்.

அந்த விதி இதுதான். இருவர் ஒரு பொருளுக்கு உரிமை கோரினால், சண்டை இல்லாத பகுதியை முதலில் உரியவருக்குக் கொடுத்துவிடு. சண்டையுள்ள பகுதியை மட்டும் சரிபாதியாக்கு. 200-க்கான விடையில் முதல் இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது 125. முதலாமவர் கேட்பது 100 மட்டுமே. ஆக 25-ஐ இரண்டாமவருக்கு அவரே விட்டுக்கொடுக்கிறார். மீதி 100-க்கு இருவரும் போட்டி, ஆளுக்கு 50. முதலாமவருக்கு 50, இரண்டாமவருக்கு 75. எந்த இருவரை எடுத்துச் சோதித்தாலும் இதே விதி பொருந்தும். நம் கணக்கில் இதைப் போட்டால் விவசாயிக்கு 33,333-க்குப் பதில் 50,000 ரூபாய் கிடைக்கும். சிறு கடன் கொடுத்தவரைச் சற்றுத் தாங்கிப் பிடிக்கும் முறை இது.

நியாயம் என்பது ஒற்றைச் சூத்திரம் அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால், எந்தச் சூத்திரமாக இருந்தாலும் அது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். இந்த அடிப்படையை விட்டுக்கொடுக்க முடியாது.

இந்த விகிதாசாரத்துக்கு விலக்காகச் சில கடன்கள் வரிசையின் முன்னால் நிற்கும். சொத்தை அடமானமாக வாங்கியவரின் உரிமை அந்தச் சொத்தின்மீது அப்படியே இருக்கும். அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சேரவேண்டியது முதலில் போகும். அதோடு, வேலையாட்களின் கடைசி நான்கு மாதச் சம்பள பாக்கியும் முன்னுரிமை பெறும். அந்த முன்னுரிமையின் உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? ஒரு ஆளுக்கு மொத்தமே 20 ரூபாய். 1920-இல் எழுதிய தொகை.

விடுதலை என்ற கண்டுபிடிப்பு

திவால் சட்டத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு பங்கு பிரித்த பிறகுதான் வருகிறது. 1542-இல் இங்கிலாந்தில் வந்த முதல் திவால் சட்டம் கடனாளியைக் குற்றவாளியாகவே பார்த்தது. ஆன் அரசியின் காலத்தில், 1705-இல் வந்த சட்டம்தான், உண்மையைச் சொல்லி ஒத்துழைத்த வியாபாரிக்கு மிச்சக் கடனிலிருந்து விடுதலை தந்தது. மறைத்து மோசடி செய்தவனுக்கு அதே சட்டம் மரண தண்டனை வைத்திருந்தது. உண்மைக்குப் பரிசு, பொய்க்குத் தண்டனை என்ற இந்த ஏற்பாடு, கடுமை குறைந்து இன்றுவரை தொடர்கிறது.

நம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் கடனாளி விடுவிப்புக்கு மனுச் செய்யவேண்டும். கிடைத்துவிட்டால் பழைய கடன்கள் முடிந்தன. அரசுக்கடன், மோசடியால் வந்த கடன், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம் ஆகியவை மட்டும் தீராது. முழு விடுவிப்பு எளிதில் கிடைப்பதல்ல. ரூபாய்க்கு எட்டணாவாவது தேறவில்லை என்றாலோ, முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு முறையான கணக்கு வைக்கவில்லை என்றாலோ, சூதாட்டத்தாலும் ஊதாரித்தனத்தாலும் திவாலானார் என்றாலோ முழு விடுவிப்பை நீதிமன்றம் மறுக்கவேண்டும். தன் பிழையில்லாத காரணத்தால்தான் எட்டணாகூடத் தேறவில்லை என்று காட்டினால் அந்தத் தடை விலகும். எலுமிச்சை விலை சரிந்து விழுந்த பருவத்தில் நொடித்தவருக்கும், கடன் வாங்கிச் சீட்டாடியவருக்கும் உள்ள வேற்றுமையைச் சட்டம் இப்படித்தான் அறிகிறது. பொய்க் கணக்குக் காட்டினாலோ சொத்தை ஒளித்தாலோ ஓராண்டு வரை சிறை. விடுவிப்புப் பெறாத திவாலானவர், தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே குற்றம். செக் திரும்பியதற்கான குற்ற வழக்கையும் ஐ.பி. நிறுத்தாது.

கடன் அடைக்காததற்காகவே சிறை என்ற அச்சத்துக்கும் பதில் இருக்கிறது. 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வறுமை குற்றமல்ல என்று நிலைநாட்டியது. கையில் இருந்தும் கொடுக்க மறுக்கும் கெட்ட எண்ணம் இருந்தாலொழிய, கடனுக்காக ஒருவரைச் சிறையில் தள்ள முடியாது.

கம்பெனிக்குப் புதியது, கடைக்காரருக்குப் பழையது

திவால் சட்டங்களை ஒன்றாக்கிப் புதுப்பிக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1964-இலேயே தன் 26-ஆம் அறிக்கையில் சொன்னது. டி.கே. விஸ்வநாதன் தலைமையிலான குழுவின் பரிந்துரையில் 2016-இல் புதிய திவால் சட்டம் வந்தது. கம்பெனிகளுக்கு அது அந்த ஆண்டு டிசம்பரிலேயே நடப்புக்கு வந்துவிட்டது. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம், 330 நாள் கெடு, கடன் கொடுத்தவர்களின் 66 சதவீத வாக்கு என்று அதற்கு நவீன ஏற்பாடுகள் உண்டு. கம்பெனியை மூடிப் பங்கு பிரிக்கும்போது தொழிலாளியின் 24 மாதச் சம்பள பாக்கி, அடமானக் கடன் கொடுத்த வங்கியோடு சம வரிசையில் நிற்கிறது.

தனிமனிதர்களுக்கான மூன்றாம் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. மற்றவர்களுக்கு வரவில்லை. விளைவு என்ன? கம்பெனித் தொழிலாளிக்கு 24 மாதச் சம்பளம். புளியங்குடியில் மூட்டை தூக்கியவருக்கு 20 ரூபாய். இது ஏற்கத்தக்கதல்ல. புதிய சட்டத்தின் தனிமனிதப் பகுதியை நடப்புக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவரும்போது இரண்டு திருத்தங்கள் அவசியம். மிக ஏழைகளுக்கான கடன் விடுவிப்புக்கு ஆண்டு வருமானம் 60,000 ரூபாய், கடன் 35,000 ரூபாய் என்று அதில் எழுதிய வரம்புகளை உயர்த்தவேண்டும். விசாரணையைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்திடம் மட்டும் விட்டால் தென்காசி மாவட்டத்துக்காரர் நூறு கிலோமீட்டருக்குமேல் பயணம் செய்து மதுரைக்குப் போகவேண்டிவரும். அருகிலுள்ள சார்பு நீதிமன்றத்திலேயே அதை நடத்த வழி செய்யவேண்டும்.

2017 அக்டோபரில், கடையநல்லூர்ப் பக்கத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த ஒரு குடும்பம், கணவனும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளுமாக, கந்துவட்டிக் கொடுமை தாளாமல் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் உயிரை மாய்த்துக்கொண்டது. 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் அப்போதும் இருந்தது. திவால் சட்டமும் இருந்தது. சட்டம் இருப்பது மட்டும் போதாது, அது இருப்பது மக்களுக்குத் தெரியவேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்களுக்கோ, தெரிந்தவருக்கோ கடன் கைமீறிப் போயிருந்தால் ஊரைவிட்டு ஓட வேண்டாம், சொத்தை யார் பேரிலும் மாற்றி எழுத வேண்டாம். கணக்கு நோட்டையும் கடன் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு உங்கள் வட்ட சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள். தொலைபேசியில் கேட்க 15100 என்ற எண் இருக்கிறது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உதவி உண்டு. உங்களுக்குப் பாக்கி வைத்தவர் ஐ.பி. கொடுத்து நோட்டீஸ் வந்தால் அதைக் கிழித்துப் போடாதீர்கள். வாய்தாவுக்குப் போய் உங்கள் கடனைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்தவருக்குத்தான் பங்கு.